டர்பனிலிருந்து கயலாமிக்கு: ட்ராக் நாளுக்குக் காரை ஆயத்தப்படுத்துவது

வாசகர் கேள்வி: நான் சாட்ஸ்வொர்த்தில் வசிக்கிறேன், வயது 26. என்னிடம் 2019ஆம் ஆண்டின் போலோ ஜிடிஐ இருக்கிறது. 78,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. தினமும் வேலைக்குச் செல்வதும் அதில்தான். ஆடி மாதக் கடைசியில், ஒரு சனிக்கிழமை, ஜோகன்னஸ்பர்க் அருகே உள்ள கயலாமி பந்தயப் பாதையில், சொந்தக் காரை ஓட்டிப் பார்க்கும் ட்ராக் நாள் ஒன்றுக்கு நண்பர்களோடு பதிவு செய்திருக்கிறேன். கையில் 15,000 ராண்ட் இருக்கிறது. ஈசியூவை (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) மாற்றி எழுதி இன்ஜின் சக்தியைக் கூட்டலாம், புதிய எக்ஸாஸ்ட் போடலாம், 18 அங்குலச் சக்கரம் வாங்கலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எதை முதலில் செய்வது? கடற்கரை ஊரிலிருந்து அவ்வளவு உயரத்துக்குப் போவதால் ஏதேனும் மாற்ற வேண்டுமா? அப்பா இதற்கு ஒப்புக்கொள்ளத் தயங்குகிறார். அவருக்கு என்ன சொல்வது?

அன்புள்ள தம்பிக்கு,

நண்பர்கள் சொன்ன மூன்றில் ஒன்றையும் இப்போது செய்ய வேண்டாம். உங்கள் காரில் தொழிற்சாலை தந்த 147 கிலோவாட் சக்தி இருக்கிறது; முதன்முறையாகப் பந்தயப் பாதையில் இறங்கும் ஒருவருக்கு அது தேவைக்கு அதிகமே தவிரக் குறைவு அல்ல. ட்ராக் நாளில் ஒரு காரைத் தோற்கடிப்பது சக்திக் குறைவு அன்று, வெப்பம். பிரேக்கிலும் டயரிலும் இன்ஜின் எண்ணெயிலும் சேரும் வெப்பத்தை வெளியேற்ற முடியாத கார் நான்காவது சுற்றிலேயே தளர்ந்துவிடும்; வெளியேற்ற முடிந்த கார் மாலை வரை ஒரே மாதிரி ஓடிவிட்டு, அதே நான்கு சக்கரங்களில் உங்களை டர்பனுக்கும் கொண்டுவந்து சேர்க்கும். ஆகவே உங்கள் 15,000 ராண்டில் முதல் பங்கு பிரேக்குக்கு, அடுத்தது டயருக்கு, அதற்கடுத்தது எண்ணெய் மாற்றத்துக்கு. மிஞ்சுவது பெட்ரோலுக்கும் வழிச்சுங்கத்துக்கும் இரவுத் தங்கலுக்கும் போகட்டும்.

பிரேக்கைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனெனில் என் பட்டறைக்கு ட்ராக் நாள் முடிந்து வரும் கார்களில் பெரும்பான்மையானவற்றின் தொல்லை அங்கேதான் தொடங்கியிருக்கிறது. நீங்களும் காரும் சேர்ந்து ஏறத்தாழ 1,400 கிலோ எடை என்று வைத்துக்கொள்வோம். ஊருக்குள் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து முழுவதுமாக நிறுத்தும்போது பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் சுமார் 194 கிலோஜூல். கயலாமியில் 180இலிருந்து 80க்கு இறங்கும்போது, கார் நிற்கவே இல்லை என்றாலும், அந்த ஆற்றல் சுமார் 1,400 கிலோஜூல் ஆகிறது. அதாவது ஏழு மடங்குக்கும் மேல். நான்கு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான அந்த வெப்பம், சில விநாடிகளுக்குள் சக்கரங்களோடு சுழலும் நான்கு பிரேக் டிஸ்குகளில், அதிலும் பெரும்பகுதி முன்னிரண்டில், இறங்குகிறது. அடுத்த வளைவில் மறுபடியும் இறங்குகிறது. கயலாமியின் ஒரு சுற்று 4.5 கிலோமீட்டர் நீளம். மைன்ஷாஃப்ட் என்ற இறக்கத்தின் அடியில் க்ரோகடைல்ஸ் வளைவுகளுக்காகப் பிரேக்கை மிதிக்கும்போது, வேகத்தோடு சரிவின் இழுப்பையும் சேர்த்துப் பிரேக்கே தாங்க வேண்டியிருக்கிறது.

இந்த வெப்பம், டிஸ்கை அழுத்தும் பேடைத் தாண்டி, பேடை நகர்த்தும் காலிப்பருக்குள் இருக்கும் பிரேக் ஆயிலை எட்டுகிறது. டாட் 4 என்ற தரத்து பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஆனால் அந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது, 3.7 விழுக்காடு நீர் சேர்ந்துவிட்ட நிலையில் அதே ஆயிலுக்கு விதி கேட்கும் கொதிநிலை வெறும் 155 டிகிரிதான். டர்பனைப் போன்ற ஈரக்காற்று வீசும் கடலோர ஊரில், இரண்டு ஆண்டுக்கு மேல் மாற்றாமல் விட்ட ஆயிலை நான் ஒருபோதும் நம்பமாட்டேன். உங்கள் காரின் சேவைப் புத்தகத்தில் பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று பாருங்கள். எந்த விடை கிடைத்தாலும், கயலாமிக்குப் போவதற்கு இரண்டு வாரத்துக்குள் முழுவதையும் வெளியேற்றி, புதிய நிலையில் 300 டிகிரிக்கு மேல் கொதிநிலை உள்ளதும், பிரேக் பிடிக்கையில் சக்கரம் பூட்டாமல் தடுக்கும் உங்கள் காரின் ஏபிஎஸ் அமைப்புக்குப் பொருந்துவதுமான டாட் 4 வகை ஆயிலை ஊற்றி, நான்கு சக்கரத்துப் பிரேக்கிலும் ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றச் சொல்லுங்கள். டாட் 5 என்று எழுதிய சிலிகோன் ஆயிலை மட்டும் தொடவே வேண்டாம். அது மற்றவற்றோடு கலக்காது, ஏபிஎஸ் உள்ள காருக்கு ஏற்றதும் அன்று. டாட் 5.1 என்பது வேறு. அதைப் பயன்படுத்துவதில் தவறில்லை.

பேட் தேர்வில் உங்கள் நண்பர்கள் முழுப் பந்தயப் பேடைப் பரிந்துரைப்பார்கள். வேண்டாம். அது சூடேறும் வரை பிடிக்காது, குளிர்ந்த காலையில் என்3 நெடுஞ்சாலையில் லாரிக்குப் பின்னால் மிதிக்கும்போது உங்களை அஞ்ச வைக்கும், டிஸ்கையும் வேகமாகத் தின்னும். சாலையிலும் ஓட்டலாம், எப்போதாவது பாதையிலும் இறக்கலாம் என்று பேட் தயாரிப்பாளர்களே வகைப்படுத்தும் நடுத்தர ரகம் உங்களுக்குப் போதும். முன் சக்கரங்களுக்குக் கட்டாயம் புதிதாகப் போடுங்கள். பின் பேட் பாதிக்கு மேல் இருந்தால் விட்டுவிடலாம். டிஸ்கின் ஓரத்திலோ நடுப்பகுதியிலோ குறைந்தபட்சத் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும். மெக்கானிக்கிடம் மைக்ரோமீட்டர் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள், கண்ணால் பார்த்துச் சொல்வதை ஏற்காதீர்கள். மேற்பரப்பில் நகத்தில் தட்டுப்படும் விரிசல் இருந்தால் அந்த டிஸ்க் மாற்றத்துக்கு உரியது.

புதிய பேடைப் போட்ட மறுநாளே பாதையில் இறக்கக் கூடாது. பேடில் உள்ள பிசின் முதல் கடும் வெப்பத்தில் ஆவியாகி டிஸ்குக்கும் பேடுக்கும் நடுவே மெல்லிய படலமாக நிற்கும்போது, புத்தம் புதிய பிரேக்கே பிடிக்காமல் போகும். அதனால் தயாரிப்பாளர் தரும் முறைப்படி, ஆள் நடமாட்டமில்லாத சாலையில், காரை நிறுத்தாமல் வேகத்தைப் பலமுறை குறைத்துக் கூட்டி, பிறகு பிரேக்கையே தொடாமல் சில கிலோமீட்டர் ஓட்டி ஆறவிட வேண்டும். இதற்குக் குறைந்தது ஒரு வார இடைவெளி வைத்துக்கொள்ளுங்கள்.

பாதையில் ஓட்டும்போது பிரேக் மிதி உங்களிடம் என்ன சொல்கிறது என்பதை அறிந்துகொள்வது பேடைப் போலவே முக்கியம். மிதி வழக்கத்தை விடக் கீழே இறங்கி, பஞ்சைப் போல மெத்தென்று இருந்தால், ஆயில் கொதித்து அதில் ஆவிக்குமிழ் சேர்ந்துவிட்டது என்று பொருள். உடனே வேகத்தைக் குறைத்து, பாதையோரம் கார்கள் நிற்கும் பிட்டுக்குள் வந்துவிட வேண்டும், அதே ஆயிலோடு அன்று மறுபடி இறங்கக் கூடாது. மிதி உறுதியாக இருந்தும் கார் வேகம் குறையவில்லை என்றால் ஆயில் நலமாகத்தான் இருக்கிறது. பேட் தன் வெப்ப எல்லையைக் கடந்துவிட்டது. அதற்கு ஒரு சுற்று மெதுவாக ஓட்டி ஆறவிட்டால் பெரும்பாலும் திரும்பி வரும். இந்த இரண்டையும் பிரித்தறியத் தெரிந்தவருக்கு பாதையில் பதற்றம் பாதியாகக் குறைந்துவிடும்.

உங்கள் காரில் இன்னொரு நுட்பம் உண்டு. வளைவில் உள்பக்கத்து முன் சக்கரம் சுழலாதபடி எக்ஸ்டிஎஸ் என்ற அமைப்பு அந்தச் சக்கரத்தின் பிரேக்கைத் தானாகவே பிடிக்கிறது. நீங்கள் ஆக்சிலேட்டரை எவ்வளவு அவசரமாக மிதிக்கிறீர்களோ அவ்வளவு வெப்பம் உங்களுக்குத் தெரியாமலே முன் பிரேக்கில் சேர்கிறது. வளைவை விட்டு வெளியேறும்போது ஸ்டியரிங்கை நேராக்கிக்கொண்டே மெதுவாக மிதித்தால் பிரேக்கும் பிழைக்கும், டயரும் பிழைக்கும். கார் வழுக்காமல் காக்கும் நிலைத்தன்மைக் கட்டுப்பாட்டை முதல் நாள் முழுவதும் அணைக்காதீர்கள்; அதை அணைத்துக் காட்டச் சொல்லி யார் சவால் விட்டாலும் சரி.

உயரம் பற்றிய உங்கள் கேள்வி நல்ல கேள்வி. நேட்டால் ஓட்டுநர்களுக்கு இது எப்போதும் உள்ள பிரச்சினை. பீட்டர்மாரிட்ஸ்பர்கின் ராய் ஹெஸ்கெத் பாதை 1981இல் மூடப்பட்ட பிறகு பெரிய பந்தயப் பாதையைத் தேடும் நம்மவர்கள் மேட்டுநிலத்துக்குத்தான் ஏற வேண்டியிருக்கிறது. கயலாமி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டர்பனில் 101 கிலோபாஸ்கலாக உள்ள வளிமண்டல அழுத்தம் அங்கே 84, 85 அளவுக்குக் குறைகிறது. காற்றின் அடர்த்தியும் ஏறத்தாழ 14 விழுக்காடு குறைகிறது. இதன் விளைவு மூன்று இடங்களில் தெரியும்.

முதலாவது இன்ஜின். வெளிக்காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போ இல்லாத கார் அங்கே சக்தியை இழக்கும். உங்கள் காரில் டர்போ இருப்பதால் கணினி அந்த இழப்பை ஈடுகட்ட முயலும். ஆனால் அதற்கு விலை உண்டு. இன்ஜினுக்குள் 200 கிலோபாஸ்கல் முழு அழுத்தம் தேவை என்று எடுத்துக்கொண்டால், டர்பனில் டர்போ வெளிக்காற்றை இரண்டு மடங்காக அழுத்தினால் போதும். கயலாமியில் ஏறத்தாழ 2.4 மடங்காக அழுத்த வேண்டும். டர்போ வேகமாகச் சுழல்கிறது, உள்ளே செல்லும் காற்று மேலும் சூடாகிறது, அந்தக் காற்றை ஆற்றும் இன்டர்கூலரைக் குளிர்விக்கும் வெளிக்காற்றோ மெலிந்திருக்கிறது. இந்த நிலையில், டர்பனில் கடல் மட்டத்து டைனோவில் (சக்தியை அளக்கும் கருவி) வைத்து ஈசியூவை மாற்றி எழுதி மேலும் அழுத்தம் கேட்பது, ஏற்கெனவே மூச்சு வாங்கும் டர்போவின் மேல் கூடுதல் சுமையை ஏற்றுவதாகும். நண்பர்களின் யோசனையை நான் மறுப்பதற்கு இதுவே தலையாய காரணம். இன்னொரு சிறு எச்சரிக்கை: மேட்டுநிலத்து பெட்ரோல் நிலையங்களில் 93 ஆக்டேன் பெட்ரோல் பரவலாகக் கிடைக்கும், விலையும் குறைவாக இருக்கும். உங்கள் காருக்கு அது ஏற்றதன்று. ஊழியரிடம் 95 என்று தெளிவாகச் சொல்லி நிரப்புங்கள்.

இரண்டாவது குளிர்விப்பு. அந்த உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். கூலன்ட் தொட்டியின் மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் இன்ஜின் தப்புகிறது. மூடியின் ரப்பர் தளர்ந்திருந்தால் டர்பனில் தெரியாத குறை அங்கே தெரிந்துவிடும். மூடியைப் புதிதாக மாற்றுங்கள், மலிவான பொருள். கூலன்ட் அளவு குளிர்ந்த நிலையில் இரண்டு கோட்டுக்கும் நடுவே இருக்கட்டும். ரேடியேட்டருக்கும் இன்டர்கூலருக்கும் முன்னால் சிக்கிய பூச்சி, இலை, பிளாஸ்டிக் உறை எல்லாவற்றையும் மெல்லிய நீர்வீச்சில் கழுவுங்கள். உயர் அழுத்த நீரைப் பாய்ச்சினால் துடுப்புகள் மடிந்துவிடும்.

மூன்றாவது டயர். பலர் ஏமாறுவது இங்கேதான். டயருக்குள் அடைபட்ட காற்றின் உண்மையான அழுத்தம் மலையேறியதால் மாறுவதில்லை. வெளியழுத்தம் குறைவதால் கேஜ் (அழுத்தமானி) காட்டும் அளவு கூடுகிறது. டர்பனில் 220 கிலோபாஸ்கல் வைத்துக் கிளம்பினால், அதே வெப்பநிலையில் கயலாமியில் கேஜ் சுமார் 236 காட்டும். ஆனால் ஆடி மாதத்து அதிகாலையில் மேட்டுநிலத்தில் வெப்பம் சுழியை நெருங்கும். 22 டிகிரியில் நிரப்பிய டயர் 4 டிகிரியில் சுருங்கி மறுபடி 217 அளவிலேயே நிற்கும். டர்பனில் வைத்தது அப்படியே இருக்கிறது என்று நம்பிப் பாதையில் இறங்கினால், சில சுற்றுகளில் டயருக்குள் காற்று 60 டிகிரியை எட்டும்போது அழுத்தம் 270ஐயும் தாண்டிவிடும். டயர் நடுவில் புடைத்துப் பிடியை இழக்கும்.

ஆகவே குளிர்ந்த அளவை நம்பாமல் சூடான அளவை இலக்காக வையுங்கள். சாலை டயருக்குத் தொடக்கப் புள்ளியாக, பாதையிலிருந்து வந்தவுடன் 230 முதல் 240 வரை இருக்கட்டும். அதற்குக் காலையில் 190 அளவில் தொடங்குவது பொருத்தம். 180க்குக் கீழே போகாதீர்கள், முதல் சுற்றுகளில் டயரின் பக்கச்சுவர் மடியும். ஒவ்வொரு முறை பிட்டுக்கு வந்ததும் நான்கையும் அளந்து, அதிகமாக இருப்பதைச் சிறிது வெளியேற்றுங்கள். பக்கச்சுவரும் தரைப்பகுதியும் சந்திக்கும் விளிம்பில் சாக்பீஸால் குறுக்குக் கோடு போட்டுவிட்டு இறங்கினால், வளைவில் டயர் எதுவரை மடிந்தது என்பதை அழிந்த கோடே காட்டும். பெட்ரோல் நிலையத்துக் கேஜை நம்பாமல் நல்ல கேஜ் ஒன்றைச் சொந்தமாக வாங்குங்கள். ஒரே கேஜால் எப்போதும் அளப்பதே முக்கியம்.

டயர் வாங்க வேண்டுமா என்று கேட்டால், பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத்தை முதலில் படியுங்கள். முதல் இரண்டு இலக்கம் டயர் தயாரான வாரத்தையும், அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டையும் குறிக்கும். கார் வாங்கியபோது வந்த 2019ஆம் ஆண்டு டயரே இன்னும் ஓடுகிறதென்றால், தடம் (டயரின் பள்ள ஆழம்) எவ்வளவு மீதமிருந்தாலும் மாற்றிவிடுங்கள், ரப்பர் இறுகியிருக்கும். இந்நாட்டுச் சட்டம் கேட்பது ஒரு மில்லிமீட்டர் தடம். நான் கேட்பது குறைந்தது மூன்று, ஏனெனில் அன்று மாலை நீங்கள் அதே டயரில் வீடு திரும்ப வேண்டும். நான்கும் ஒரே தயாரிப்பு, ஒரே வகை. 18 அங்குலச் சக்கரம் கனத்தைக் கூட்டும், டயர் விலையைக் கூட்டும், நேரத்தைக் குறைக்காது.

எண்ணெய் விஷயத்தில் நீட்டிச் சொல்ல அதிகமில்லை. வோக்ஸ்வாகன் உங்கள் இன்ஜினுக்கு விதித்த தரத்து எண்ணெயை, சேவை நாள் வராவிட்டாலும், புதிய வடிகட்டியோடு மாற்றுங்கள். அளவு மேல்கோட்டைத் தொடட்டும், தாண்ட வேண்டாம். நீண்ட வளைவில் எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கும்போது குறைவாக இருந்தால் பம்ப் காற்றை இழுக்கும். உங்கள் ஆறு கியர் டிஎஸ்ஜி (தானியங்கி கியர்பெட்டி) எண்ணெய் 60,000 கிலோமீட்டரில் மாற்றப்பட்டதா என்று சேவைப் புத்தகத்தில் பாருங்கள். மாற்றியிருக்காவிட்டால் கயலாமிக்கு முன் அதைச் செய்தே ஆக வேண்டும், பேடைப் போலவே இதுவும் கட்டாயம். பெட்ரோல் தொட்டியைப் பாதிக்குக் கீழே இறங்கவிடாதீர்கள். பாதையில் கார் வழக்கத்தைவிட மூன்று மடங்கு குடிக்கும்.

காரைத் தூக்கி வைத்துக் கீழே பார்க்க வேண்டியவை: முன் சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையின் ரப்பர் புஷ், பால் ஜாயின்ட், வீல் பேரிங்கின் ஆட்டம், ஷாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவு, டிரைவ் ஷாஃப்டின் ரப்பர் உறை. நம் ஊர்ச் சாலைக் குழிகளில் 78,000 கிலோமீட்டர் ஓடிய காரில் இவற்றுள் ஒன்றாவது தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். தேய்ந்திருப்பது புஷ் என்றால் பணம் அதற்கே முதலில். சக்கரக் கோணத்தைச் சரிசெய்வது அதன் பிறகுதான். வீல் போல்ட்டை 120 நியூட்டன் மீட்டருக்கு டார்க் ரென்ச் வைத்து முடுக்குங்கள். காற்றுத் துப்பாக்கியால் முடுக்கிவிட்டு அனுப்பும் கடையை விட்டு வெளியே வந்ததும் தளர்த்தி மறுபடி நீங்களே முடுக்குங்கள். முதல் ஓட்டம் முடிந்து சக்கரம் ஆறிய பின் மீண்டும் ஒருமுறை சரிபாருங்கள்.

காருக்குள் தளர்வாக எதுவும் இருக்கக் கூடாது. தரைவிரிப்பு மிதிக்கு அடியில் நழுவும், எடுத்துவிடுங்கள். ஸ்பேர் சக்கரம், ஜாக், தண்ணீர்ப் போத்தல், கண்ணாடியில் தொங்கும் மாலை எல்லாம் வெளியே. டாஷ்போர்டில் பிள்ளையார் ஒட்டியிருந்தால் அவரையும் அன்று வீட்டுப் பூசையறையில் அமர்த்திவிட்டுப் போங்கள். இரட்டைப் பக்க ஒட்டுத்தாள் 180 கிலோமீட்டர் வேகத்துப் பிரேக்கைத் தாங்காது, அவர் உங்கள் கால் அடியில் வந்து விழ வேண்டாம். காரோடு வந்த இழுவைக் கொக்கியைத் தேடி எடுத்து, அது உரிய துளையில் ஏறுகிறதா என்று வீட்டிலேயே ஒருமுறை பூட்டிப் பாருங்கள். அதன் மரை இடப்பக்கம் திருகும் மரை. வழக்கம்போல் வலப்பக்கம் திருகி, சேரவில்லை என்று பாதையோரத்தில் திகைத்து நிற்பவர்கள் பலர். தலைக்கவசம், முழுக்கைப் பருத்தி உடை, மெல்லிய அடிப்பாகமுள்ள மூடிய காலணி இவை மூன்றும் வேண்டும். எந்தத் தரத்துத் தலைக்கவசம் ஏற்கப்படும், ஒலி அளவு எல்லை எவ்வளவு என்பவற்றை அமைப்பாளரிடம் முன்கூட்டியே கேளுங்கள். ஒலி எல்லை உள்ள பாதையில், புதிய எக்ஸாஸ்ட் போட்ட காரைத்தான் முதலில் வெளியே அனுப்புவார்கள்.

இனி அப்பாவின் தயக்கம். அவர் தயங்குவதில் பொருள் இருக்கிறது. அதைத் தட்டிக் கழிக்காமல் பதில் சொல்லுங்கள். இந்நாட்டில் பெரும்பாலான வாகனக் காப்பீடுகள் பந்தயப் பாதையில் நேரும் சேதத்தை ஏற்பதில்லை. போட்டியாக இல்லாமல் வெறுமனே ஓட்டினாலும் ஏற்காதவையே மிகுதி. உங்கள் பத்திரத்தில் உள்ள விலக்குப் பகுதியைப் படித்து, ஐயம் இருந்தால் எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். தொலைபேசியில் ஒருவர் சொன்ன வாய்மொழி எதற்கும் உதவாது. ஒரு நாளைக்கு மட்டும் தனிக் காப்பீடு கிடைக்குமா என்று தரகரிடம் விசாரியுங்கள். கார் வங்கிக் கடனில் இருந்தால் அது இன்னும் முழுமையாக உங்களுடையது அன்று. நொறுங்கினாலும் தவணை நிற்காது. தடுப்புச்சுவரில் மோதினால் அதைச் சீராக்கும் செலவையும் உங்களிடமே கேட்கலாம் என்பது நீங்கள் கையொப்பமிடும் பத்திரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இத்தனையையும் அப்பாவின் முன் விரித்து வைத்து, இந்த நட்டம் நேர்ந்தால் குடும்பம் தாங்குமா என்று அவரோடு சேர்ந்து கணக்குப் போடுங்கள். தாங்காது என்று தெரிந்தால், முதல் நாளைப் போர்ட் ஷெப்ஸ்டன் அருகே உள்ள டெஸி ரேஸ்வேயில் வைத்துக்கொள்ளலாம். அதுவும் பந்தயப் பாதைதான், காப்பீட்டுக் கேள்வி மாறாது, ஆனால் வேகம் குறைவு, வீடு பக்கம், உயரச் சிக்கல் இல்லை.

போவது என்று முடிவானால் அப்பாவையும் அழைத்துச் செல்லுங்கள். டயர் அழுத்தத்தைக் குறித்து வைக்க, நேரம் பார்க்க, உங்கள் முகத்தில் களைப்பைக் கண்டதும் போதும் என்று சொல்ல ஒருவர் வேண்டும். அதற்கு அவரை விடத் தகுந்தவர் கிடையாது. தம் கண்ணால் ஏற்பாடுகளைப் பார்த்தவரின் அச்சம் பார்க்காதவரின் அச்சத்தைப் போல இராது. 1967 முதல் 1985 வரையும் பின்னர் 1992, 1993 ஆண்டுகளிலும் தென் ஆப்பிரிக்க கிராண்ட் பிரீ கார்ப் பந்தயம் நடந்த இடம் கயலாமி. அவர் தலைமுறையைச் சேர்ந்த ஒருவருக்கு அந்தப் பெயரே ஒரு நினைவாக இருக்கக்கூடும். ஆனால் ஓட்டும்போது அவரைப் பக்கத்தில் ஏற்றாதீர்கள். முதல் நாள் காரில் நீங்கள் மட்டும்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே கிளம்புங்கள். டர்பனிலிருந்து ஏறத்தாழ 570 கிலோமீட்டர். இரவு முழுவதும் ஓட்டிவிட்டு நேராகப் பாதைக்குப் போவது தற்கொலைக்குச் சமம். காலைக் கூட்டத்தில் கொடிகளுக்கான விளக்கத்தைக் கவனமாகக் கேளுங்கள். சிவப்புக் கொடி என்றால் ஓட்டம் நிறுத்தப்பட்டது, மஞ்சள் என்றால் ஆபத்து, முந்தக் கூடாது, நீலம் என்றால் பின்னால் வேகமான கார் வருகிறது. ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒரு சுற்று டயரையும் எண்ணெயையும் சூடாக்க, மூன்று அல்லது நான்கு சுற்று உங்கள் ஓட்டத்துக்கு, கடைசிச் சுற்று பிரேக்கை இயன்றவரை தொடாமல் ஆறவிட. பிட்டில் நிறுத்தியதும் கைப்பிரேக்கை இழுக்கக் கூடாது. சூடான பேட் டிஸ்கில் ஒட்டித் தடம் பதிக்கும், பிறகு மிதியில் அதிர்வாகத் தெரியும். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வைத்துவிட்டு கியரை நிறுத்த நிலையில் போடுங்கள். இன்ஜினை உடனே அணைக்காமல் ஓரிரு நிமிடம் ஓடவிடுங்கள், டர்போ ஆறும்.

கடைசி ஓட்டத்தைத் தவிர்த்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். களைத்த ஓட்டுநரும் தேய்ந்த பேடும் சந்திக்கும் நேரம் அது; மேலும் உங்களுக்கு வீடு திரும்பும் வழி இருக்கிறது. கிளம்பும் முன் நான்கு சக்கரத்துப் பேடின் மீதத் தடிமனையும் பாருங்கள், மூன்று மில்லிமீட்டருக்குக் குறைந்த பேடோடு வான் ரீனன்ஸ் கணவாயில் இறங்காதீர்கள். கனரக லாரிகள் ஊர்ந்து இறங்கும் அந்த நீண்ட சரிவில் கியரைக் குறைத்து இன்ஜினால் வேகத்தைப் பிடியுங்கள். பாதைக்காக வெளியேற்றிய காற்றை மறுபடி நிரப்பாமல் நெடுஞ்சாலைக்கு வராதீர்கள். டயர் முற்றிலும் ஆறியபின், கதவுச் சட்டத்தில் ஒட்டிய அட்டவணைப்படி நிரப்புங்கள். மலையிறங்கிக் கடலோரம் வரும்போது கேஜ் அளவு மீண்டும் 16 கிலோபாஸ்கல் அளவுக்குக் குறையும் என்பதால், டர்பன் வந்ததும் இன்னொரு முறை சரிபார்க்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சக்கரங்களைக் கழற்றி, பேடையும் டிஸ்கையும் காலிப்பரின் ரப்பர் உறையையும் பாருங்கள். உறை கருகியிருந்தால் உடனே மாற்ற வேண்டும். எண்ணெய் அளவையும் கூலன்ட் அளவையும் குறித்து வைத்த பழைய அளவோடு ஒப்பிடுங்கள். பாதையில் ஒருமுறையாவது மிதி மெத்தென்று ஆகியிருந்தால், இப்போது நன்றாக இருக்கிறதே என்று விடாமல், திங்கட்கிழமை வேலைக்குக் காரை எடுக்கும் முன் பிரேக் ஆயிலை மாற்றிவிடுங்கள்.